எம்ஜிபி 1798 சிசி இன்ஜின்: ஏற்காடு ஏற்றத்துக்கு எப்படிக் கட்டலாம்?

அடிவாரம்67

வணக்கம். வண்டி 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர். 18ஜிபி இன்ஜின், 5 மெயின் பேரிங் பிளாக், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர், டைனமோ. இன்ஜினை இறக்கி முழுசா பிரிச்சாச்சு. பிளாக் ஏற்கெனவே 20 தௌ (இஞ்சுல ஆயிரத்துல 20 பங்கு) ஓவர்சைஸ் போட்டது. இப்போ 40 போட்டாத்தான் போர் சுத்தமாகும்.

என் திட்டம்: 285 டிகிரி கேம் (கிராங்க் அவ்வளவு டிகிரி சுத்துற வரைக்கும் வால்வு திறந்திருக்கும்), 10.5 கம்ப்ரஷன், எஸ்யூவைக் கழட்டிட்டு ஒரு வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டர். ஓட்டம் பெரும்பாலும் சேலத்துல இருந்து ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவுலயும் பிக்கப் நல்லா வேணும், மே மாச வெயில்லயும் சூடேறக் கூடாது. இந்தச் செட்டப் சரி வருமா?

டயல்கேஜ்

பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி அந்த ரோட்டுல இன்ஜின் எந்த ஆர்பிஎம்ல சுத்தப்போகுதுன்னு பாருங்க. உங்க வண்டிக்கு டிஃபரன்ஷியல் 3.909, ரெண்டாவது கியர் 2.214, மூணாவது 1.374. 165 ஆர்14 டயர் ஒரு சுத்துக்கு சுமார் 1.95 மீட்டர் போகும். வளைவை ரெண்டாவது கியர்ல 20 கி.மீ. வேகத்துல எடுத்தா இன்ஜின் 1480 ஆர்பிஎம்தான். 30-க்கு வந்தா 2200. மூணாவதுல 45 கி.மீ. போனாலும் 2070 சொச்சம். அதாவது உங்களுக்கு வேண்டிய இழுவை 1500-ல இருந்து 4500-க்குள்ள. 285 டிகிரி கேம் 3000-க்குக் கீழ தூங்கும். ஒவ்வொரு வளைவுலயும் முதல் கியருக்கு இறங்க வேண்டி வரும்.

இந்த ஹெட்டுல இன்னொரு சிக்கல் இருக்கு. நாலு சிலிண்டருக்கு ரெண்டே இன்லெட் போர்ட். 1-ம் 2-ம் ஒரு வாய், 3-ம் 4-ம் ஒரு வாய். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஆக, ஒரே வாய்ல 2 உறிஞ்சி முடிக்கிறதுக்குள்ள 1 திறந்துடுது, அதே மாதிரி 3-க்கு அப்புறம் 4. ரெண்டு வால்வும் சேர்ந்தே திறந்திருக்கும் நேரம், கேம் டியூரேஷன்ல 180 கழிச்சா வரும். கம்பெனி கேம் 252 டிகிரி, அதனால 72 டிகிரி. 285-க்கு அது 105. பக்கத்து சிலிண்டரோட காற்றைப் பிடுங்குறது அவ்வளவு கூடும், குறைஞ்ச ஆர்பிஎம்ல இன்ஜின் திக்கும். 265-ல இருந்து 270-க்குள்ள ஒரு ஃபாஸ்ட் ரோட் கேம் போதும்.

கேமை ஸ்ப்ராக்கெட்டுல இருக்குற புள்ளிக்குப் புள்ளி வச்சுட்டு விட்டுடாதீங்க. டிகிரி டிஸ்க், டயல் கேஜ் வச்சு 1-ம் சிலிண்டர் இன்லெட்டோட ஃபுல் லிஃப்ட் எங்க வருதுன்னு அளங்க. கம்பெனி கேமுக்கு டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியில நிக்குற இடம்) அப்புறம் 110 டிகிரி. புதுக் கேமுக்கு அதோட கார்டுல என்ன இருக்கோ அது. செயின், ஸ்ப்ராக்கெட்னு எல்லாம் சேர்ந்து 4, 5 டிகிரி தள்ளிப் போறது சாதாரணம். ஆஃப்செட் கீ போட்டு சரி பண்ணுங்க.

போரிங்பட்டறை

கேம் விஷயத்துல அவர் சொன்னதுதான் சரி. இந்த ரோட்டுக்கு காசை ஹெட்டுலயும் கம்ப்ரஷன்லயும் போடுங்க.

40 ஓவர்சைஸ்னா போர் 81.28 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9. ஒரு சிலிண்டர் 461.3 சிசி, மொத்தம் 1845. பிஸ்டன் கையில வந்த பிறகுதான் போரிங், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதோட போருக்குத் தனியா ஹோனிங். டாப் ரிங் கேப் 0.30-ல இருந்து 0.35 மி.மீ.

கம்ப்ரஷன் 9.5-ல நிறுத்துங்க. அதுக்கு டிடிசில மிச்சம் இருக்க வேண்டிய இடம் 54.3 சிசி. இதை ப்யூரட் (சிசி போட்ட அளவுக் குழாய்) வச்சு அளந்துதான் பிடிக்கணும். உதாரணத்துக்கு: காஸ்கெட் அமுங்கின பிறகு 4.3 சிசி, பிஸ்டன் பிளாக் முகத்துக்கு அரை மி.மீ. கீழ நின்னா 2.6 சிசி, பிஸ்டன் குழி 6.5 சிசி. மீதி 40.9 சிசிதான் ஹெட் சேம்பர். நாலு சேம்பரும் அரை சிசிக்குள்ள ஒத்துப் போகணும். ஹெட் முகத்தைச் சீவி ஃபேசிங் எடுக்குறதுக்கு முன்னாடி, 40.9 சிசி மண்ணெண்ணெய் ஊத்தி சேம்பர்ல எங்க நிக்குதுன்னு மார்க் பண்ணுங்க. எவ்வளவு எடுக்கணும்னு அதுவே காட்டிடும். "20 தௌ எடுத்துடலாம்"னு குத்துமதிப்பா லேத்துக்கு அனுப்புறதுதான் பல ஹெட்டைக் கெடுத்திருக்கு.

வால்வு: கம்பெனி இன்லெட் 1.565 இஞ்ச். பிந்தைய 18வி இன்ஜின்ல வந்த 1.625 வரைக்கும் போகலாம். எக்ஸாஸ்ட் 1.344 அப்படியே இருக்கட்டும், ஆனா நாலு எக்ஸாஸ்ட்டுக்கும் கடினமான சீட் இன்சர்ட் கட்டாயம், இல்லேன்னா ஈயமில்லாத பெட்ரோல்ல சீட் உள்வாங்கும். 2-ம் 3-ம் எக்ஸாஸ்ட் நடு போர்ட்டுல சேருது, அங்கதான் சூடு அதிகம். வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே அந்த சீட்டுகளுக்கு நடுவுல கிராக் டெஸ்ட் பண்ணிடுங்க. போர்ட் வாயைப் பெருசாக்காதீங்க, காற்றோட வேகம் விழுந்துடும். சீட்டுக்குக் கீழ இருக்குற முதல் 15 மி.மீ. தொண்டையை மட்டும் வழவழப்பாக்கி, மூணு கோண சீட் கட்டிங் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். சேம்பர்ல ரெண்டு வால்வுக்கு நடுவுல நீட்டுற மூக்கோட கூர்மையைத் தேய்ச்சு உருட்டிடுங்க, நாக்கிங் (பெட்ரோல் தானா வெடிச்சுத் தட்டுறது) அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

லிஃப்ட் கூடுற கேம்ல எக்ஸாஸ்ட் வால்வு பிளாக் விளிம்பைத் தொடலாம். களிமண் வச்சு கையால சுத்திப் பாருங்க. 1.5 மி.மீ.க்குக் குறைஞ்சா பிளாக்ல குழி எடுக்கணும்.

அம்பாசடரோட பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். ஸ்ட்ரோக் அதே 88.9, போர்தான் 73.025. சேலத்துல அந்த இன்ஜின்ல கை பழகின பட்டறை கிடைச்சா தயங்காம கொடுங்க. ஆனா அளவெடுக்காம அதோட பாகம் எதையும் இதுல போட விடாதீங்க.

ஃப்ளைவீல்ல ஒண்ணு, ரெண்டு கிலோவுக்கு மேல கழிக்க வேண்டாம். ஏத்தத்துல வண்டியைக் கிளப்பும்போது அந்த எடை வேணும்.

எச்எஸ்ஃபோர்

வெபருக்கு ஆகுற காசுல எஸ்யூ ரெண்டையும் புதுசு மாதிரி ஆக்கிடலாம். த்ராட்டில் ஸ்பிண்டில், புஷ், ஜெட், ஊசி, இவ்வளவுதான். ஸ்பிண்டில் ஆடினா காற்று கசியும், எந்த ட்யூனிங்கும் நிக்காது. கம்பெனி ஊசி நம்பர் 5, ரிச் (பெட்ரோல் கூடுதல்) பக்கம் 6. முதல்ல 6 போட்டுப் பாருங்க.

மிக்ஸரை சேலத்துலயே செட் பண்ணுங்க, ஏற்காட்டுல வச்சு பண்ணாதீங்க. சேலம் கடல் மட்டத்துக்கு 280 மீட்டர் மேல, ஏற்காடு 1500-க்கு மேல. மேல போகப் போக காற்றடர்த்தி சுமார் 11 சதவீதம் குறையும், எஸ்யூ தானாவே ஏறக்குறைய 6 சதவீதம் ரிச் ஆகும். அதனால பெருசா கெடுதல் இல்ல, ப்ளக் கொஞ்சம் கறுக்கும். மேல வச்சு செட் பண்ணிட்டு இறங்கினா, அடுத்த தடவை அடிவாரத்துல ஃபுல் லோடுல ஏறும்போது லீன் (பெட்ரோல் பத்தாது). பிஸ்டன் ஓட்டையாகுறது அப்படித்தான்.

அடிவாரம்67

ரொம்ப நன்றிங்க. 268 கேம், 9.5, எஸ்யூன்னு முடிவு பண்ணிட்டேன். இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) என்ன பண்ணணும்? ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் போடலாமா?

எச்எஸ்ஃபோர்

இ20-க்கு சரியான காற்று-பெட்ரோல் விகிதம் 13.5 பக்கம், சுத்த பெட்ரோலுக்கு 14.7. பழைய ட்யூனிங்கை அப்படியே விட்டா 7, 8 சதவீதம் லீன்ல ஓடும். ஊசி 6 சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். வைட்பேண்ட் மீட்டர் வச்சா விகிதத்தைப் பார்க்காம லாம்டாவை (உள்ள போற காற்றை, சரியா எரிய வேண்டிய காற்றால வகுத்தது) பாருங்க, ஃபுல் லோடுல 0.86-ல இருந்து 0.88. பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், ஃப்ளோட் ஊசி எல்லாம் எத்தனால் தாங்குற ரகமா மாத்திடுங்க. பழைய ரப்பர் உள்பக்கம் உரிஞ்சு ஜெட்டை அடைக்கும். ஏறி முடிச்சு நிறுத்தின உடனே ஃப்ளோட் சேம்பர்ல பெட்ரோல் கொதிக்கும், அதனால கார்புரேட்டருக்குப் பின்னாடி ஹீட் ஷீல்டு இல்லாம ஓட்டாதீங்க.

ஃபேன்: உங்க டைனமோ 22 ஆம்பியர்தான், அதுவும் குறைஞ்ச ஆர்பிஎம்ல சார்ஜே ஏறாது. ஃபேன் அதிகம் வேண்டியதும் அதே நேரத்துலதான். கம்பெனி ஃபேனே இருக்கட்டும், ரேடியேட்டருக்குப் புது கோர், 74 டிகிரி தெர்மோஸ்டாட். அப்படியும் எலக்ட்ரிக் போட்டா, வண்டி பாசிட்டிவ் எர்த்துங்கிறதை (பேட்டரியோட பிளஸ் பாடியில) மறக்காதீங்க. ஒயரைக் கலர் பார்த்துக் கொடுத்தா ஃபேன் தலைகீழா சுத்தும்.

டயல்கேஜ்

மாட்டும்போது: மெயின் பேரிங் 95 நியூட்டன் மீட்டர், கான்ராட் 47-ல இருந்து 54, ஹெட் நட் 61-ல இருந்து 68. கான்ராட் போல்ட் புதுசு.

கேம் புதுசுன்னா டேப்பட்டும் எட்டும் புதுசுதான். அதோட முகம் தட்டையா இருக்கக் கூடாது, மெலிசா குவிஞ்சிருக்கணும். ரெண்டு டேப்பட்டை முகத்தோட முகம் வச்சு வெளிச்சத்துல பிடிச்சா விளிம்புல மயிரிழை இடைவெளி தெரியணும். தெரியலேன்னா திருப்பிக் கொடுத்துடுங்க. அது தன்னைத்தானே சுத்தாம கேமைத் தின்னுடும்.

ஆயில் ஜிங்க் உள்ள 20டபிள்யூ50. ப்ளக் நாலையும் கழட்டிட்டு, கேஜ்ல பிரஷர் ஏறுற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல சுத்துங்க. ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்ல விடாம 2000-க்கும் 2500-க்கும் நடுவுல 20 நிமிஷம். உடனே ஆயில், ஃபில்டர் மாத்தி, ஃபில்டரை வெட்டி உலோகத்தூள் இருக்கான்னு பாருங்க. இக்னிஷன் டைமிங் ஸ்டாட்டிக் (இன்ஜின் ஓடாத நிலையில) 10 டிகிரி, 3500 ஆர்பிஎம்ல மொத்தம் 32. ஏத்தத்துல நாக்கிங் கேட்டா 2 டிகிரி பின்னாடி வாங்க. சூட்டுல ஓடும்போது ஆயில் பிரஷர் 50-க்குக் குறையக் கூடாது, ஐட்லிங்ல 10-ல இருந்து 25 பிஎஸ்ஐ.

முதல் 500 கி.மீ. 3500-ஐத் தாண்டாம சமவெளியிலயே ஓட்டுங்க. பிறகு இன்ஜின் ஆறின நிலையில ஹெட் நட்டை வரிசைப்படி ஒவ்வொண்ணா கொஞ்சம் தளர்த்தி மறுபடி டார்க் வச்சு, டேப்பட் இடைவெளியும் செட் பண்ணிட்டு ஏற்காட்டுக்கு ஏத்துங்க.