'சுத்தம்' என்ற பெயருக்கு டிரேட்மார்க் கேட்டபோது

கோவை, எண்ணெய் வியாபாரி:

அப்பா காலத்திலிருந்தே எங்கள் கடலை எண்ணெய் டின்னில் 'சுத்தம்' என்றுதான் பெயர். சமையல் எண்ணெய்கள் அடங்கும் 29ஆம் வகுப்பில் பதிவுக்கு விண்ணப்பித்தோம். தனிநபர் என்பதால் இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். டிரேட்மார்க் பதிவகத்தின் ஆய்வறிக்கை ஆட்சேபத்தோடு வந்தது. டிரேட்மார்க் சட்டம் 1999, பிரிவு 9(1)(பி): பொருளின் தரத்தை மட்டும் குறிக்கும் சொல்லை ஒருவருக்கு எழுதிக் கொடுக்க முடியாதாம். பதில் தர ஒரு மாத அவகாசம்.

அதே பிரிவின் வரம்புரையில், அதாவது விதிவிலக்கு சொல்லும் பகுதியில், வழி இருந்தது. விண்ணப்ப நாளுக்கு முன்பே, பயன்பாட்டின் காரணமாக அந்தச் சொல் தனித்தன்மை பெற்றிருந்தால் மறுக்கக் கூடாது. படிக்க எளிது, நிரூபிக்கத்தான் பரண் முழுவதையும் இறக்க வேண்டியிருந்தது. பழைய பில் புத்தகங்கள், கோயில் திருவிழா மலர்களில் கொடுத்த விளம்பரங்கள், வரிக் கணக்குகள் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தோடு சேர்த்தோம்.

காணொலி விசாரணையில் அதிகாரி கேட்டார்: "டின்னைப் பார்ப்பவருக்கு எண்ணெயின் தரம் தோன்றுமா, உங்கள் கடை தோன்றுமா?" வக்கீல் காட்டியது மளிகைக் கடைக்காரர்களின் ஆர்டர் சீட்டுகளை. "சுத்தம் பத்து டின் அனுப்பவும்" என்று எழுதியிருந்தார்கள். எண்ணெய் என்ற சொல்லே அதில் இல்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டு டிரேட்மார்க் இதழில் வெளியாகிவிட்டது. மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதற்கான நான்கு மாதம் இன்னும் முடியவில்லை.

தஞ்சாவூர், இனிப்புக் கடை:

நான் நோட்டீஸ் வாங்கிய ஆள். மைசூர்பாகு டப்பாவில் 'நெய் மணம்' என்று அச்சிட்டிருந்தோம். அந்தச் சொற்கள் தங்களுடையவை, உடனே நிறுத்துங்கள் என்று ஒரு பெரிய நிறுவனத்தின் வக்கீல் எழுதினார். வீட்டில் இரண்டு நாள் தூக்கம் இல்லை. பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம் என்பதால் தேடினோம். அவர்கள் பதிவு செய்திருந்தது ஒரு லேபிள்: குத்துவிளக்கு, தங்கக் கரை, நிறுவனப் பெயர், நடுவில் இந்த இரண்டு சொற்கள். முழு லேபிளுக்குப் பதிவு இருப்பதால் அதிலுள்ள பொதுச் சொல்லுக்குத் தனி உரிமை வந்துவிடாது என்று 17ஆம் பிரிவைக் காட்டிப் பதில் அனுப்பினோம். பிறகு சத்தமே இல்லை. இப்படி நோட்டீஸ் விட்டே சிறு கடைகளை மிரட்டுவது ஒரு பிழைப்பு என்பேன்.

சென்னை, டிரேட்மார்க் முகவர்:

மிரட்டல் பெரிய நிறுவனங்களுக்குள்ளும் நடக்கிறது, தோற்கவும் செய்கிறார்கள். 'மேஜிக் மசாலா' நூடுல்ஸ் விற்ற ஐடிசி, 'மேஜிக்கல் மசாலா' என்று போட்ட நெஸ்லேமீது தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூனில் தள்ளுபடி செய்தது. 'மேஜிக்' புகழ்ச்சிச் சொல், 'மசாலா' ஊரறிந்த சொல். யாருக்கும் ஏகபோகம் இல்லை. 2015இல் 'ராமாயண்' ஊதுபத்தி வழக்கில் உச்ச நீதிமன்றமும் புனித நூலின் பெயருக்குத் தனியுரிமை தர மறுத்தது.

என்னிடம் வருபவர்களுக்கு, பொருளோடு தொடர்பே இல்லாத சொல்லை வையுங்கள் என்பேன். பாதிப் பேர் கேட்பதில்லை, சரக்கைப் பெயரே விற்க வேண்டும் என்கிறார்கள்.

கோவை நண்பருக்கு ஒன்று. பதிவானாலும் பக்கத்துக் கடைக்காரர் 'சுத்தமான கடலை எண்ணெய்' என்று நேர்மையாக எழுதுவதை 30, 35ஆம் பிரிவுகள் காப்பாற்றும், அவர்மீது பாயாதீர்கள். ஆர்டர் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். நாளை யாராவது 57ஆம் பிரிவின்படி பதிவை நீக்கக் கோரினால் அவை மறுபடி தேவைப்படும்.