அப்டேட்: தாத்தா வாட்ச் டயல்ல முள்ளு மாதிரியே விழுந்த பழுப்புக் கறை

உதவின எல்லாருக்கும் நன்றிங்க. பீரோல பல வருஷம் ஓடாம கெடந்த தாத்தாவோட சுவிஸ் வாட்ச், டயல்ல முள்ளு அச்சு பழுப்பா விழுந்திருக்கு, தண்ணி எறங்கிடுச்சானு கேட்டிருந்தேன். நெறைய பேரு ஈரம்னீங்க, ஒரு அண்ணன் மட்டும் முள்ளுல ரேடியம் பூச்சு (இருட்டுல மின்னுறதுக்குப் பூசுற, கதிர்வீச்சு விடுற பொருள்) இருந்தா ஒரே எடத்துல நின்னு டயல சுட்டுரும், முள்ளத் திருப்பிப் பாருன்னாரு. அதான் சரி. கிருஷ்ணகிரில ரிப்பேர்க்காரர் சாவிய இழுத்து முள்ள கறை மேல கொண்டு வந்தாரு, அப்படியே பொருந்துச்சு, பூச்சு இருக்குற அகலமான பாகத்துக்குக் கீழ மட்டுந்தான் கறை, பூச்சில்லாத செகண்ட் முள்ளுக்கு ஒண்ணுமே இல்ல.

எதிர்பாக்காதது என்னன்னா, இருட்டுல துளிகூட மின்னல, ரேடியம் செத்திருக்கும்னு ரிப்பேர்க்காரரே சொன்னாரு, ஆனா தருமபுரில தெரிஞ்ச பையன் காலேஜ் லேப்ல கதிர்வீச்சைக் காட்டுற ஜிஎம் கவுண்டர் பக்கத்துல வச்சா சடசடன்னு அடிக்குது. மின்னுறது கூடக் கலந்த துத்தநாக சல்பைடாம், அதுதான் கெட்டுப்போகுது, ரேடியத்துக்கு அரை ஆயுள், அதாவது பாதியா கொறையுற காலம், சுமார் 1600 வருஷம்.

கறை போகாது. ரிப்பேர்க்காரர் ரீபெயின்ட் பண்ணித் தரேன்னாரு, வேண்டாம்னுட்டேன், அந்த ரேடியம் பூச்சு பொடியா உதிர்ந்து மூச்சுல போறதுதான் பெரிய ஆபத்து, அதனால இதே மாதிரி வச்சிருக்கவங்க பின்மூடியவோ கண்ணாடியவோ வீட்ல நோண்டாதீங்க.