'ரிப் ஆஃப்' என்பதை எந்த இடத்தில் சொல்லலாம்?

கேள்வி:
ஆங்கிலத் தொடர் ஒன்றில், டாக்சியிலிருந்து இறங்கும் ஒருவர் 'ஐ காட் ரிப்ட் ஆஃப்' என்று நொந்துகொள்கிறார். 'ரிப்' என்றால் கிழிப்பது என்று தெரியும். ஆனால் எதுவுமே கிழியாத அந்தக் காட்சிக்கு அப்பொருள் ஒட்டவில்லை. இதன் பொருளையும், அலுவலக மின்னஞ்சலில் இதை எழுதலாமா என்பதையும் யாரேனும் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
லேபிளைப் பிய்த்தெடுப்பதற்கும் இதே 'ரிப் ஆஃப்' வழங்குகிறது என்றாலும், நீங்கள் கேட்டது பேச்சுவழக்கு. நியாயமான தொகைக்கு மேல் பணம் கறப்பதையும், மட்டமான சரக்கைத் தலையில் கட்டுவதையும் அது குறிக்கும். அவர் சொன்னதை 'நன்றாக மொட்டையடித்துவிட்டார்கள்' என்று கொள்ளுங்கள். எல்லா ஏமாற்றுக்கும் இது பொருந்தாது. வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போன நண்பரைப் பற்றி இப்படிச் சொன்னால் கேட்பவருக்குப் புரியாது.

மறுமொழி 2:
பொருளைவிடச் சொல் வரிசையில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 'மீ', 'ஹிம்', 'தெம்' போன்ற பிரதிப்பெயர்கள் இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் வர வேண்டும் என்பதால், 'தே ரிப்ட் மீ ஆஃப்' சரி, 'தே ரிப்ட் ஆஃப் மீ' பிழை. 'டூரிஸ்ட்ஸ்' போன்ற பெயர்ச்சொல்லாக இருந்தால் நடுவிலும் வரலாம், இறுதியிலும் வரலாம். 'வாட் எ ரிப்-ஆஃப்!' என்னும்போது அது பெயர்ச்சொல்லாகிவிடுகிறது. எழுதுகையில் நடுவே சிறுகோடு இடுவார்கள், பேசுகையில் அழுத்தம் 'ரிப்' மீது விழும்.

மறுமொழி 3:
முதல் மறுமொழியோடு ஒன்று சேர்க்க வேண்டும்: பணம் கைமாறாத இடத்திலும் இது வரும். ஒருவருடைய மெட்டையோ வடிவமைப்பையோ அனுமதியின்றி அப்பட்டமாக நகலெடுப்பதும் 'ரிப் ஆஃப்'தான். 'தே ரிப்ட் ஆஃப் அவர் டிசைன்' என்ற வாக்கியத்தில் ஏமாந்த ஆள் செயப்படுபொருளாக வரவில்லை, களவு போன சரக்கே வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை, தவிர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து. பேச்சுவழக்கு என்பதற்காக மட்டுமன்று; எதிர்த்தரப்பு வேண்டுமென்றே ஏமாற்றியது என்ற குற்றச்சாட்டு அதில் அடங்கியிருக்கிறது. பில்லில் தொகை கூடியிருந்தால் 'வீ வேர் ஓவர்சார்ஜ்ட்' என்று எழுதுங்கள். அது கைத்தவறாகவும் இருக்கலாம் என்று இடம் கொடுப்பதால், பணத்தைத் திரும்பக் கேட்பது எளிதாகும்.