துபாய்க்குப் போகும் பெற்றோரின் மருந்துப் பையில் எவை இருக்கலாம், எவை கூடாது?

தோவாளை மகள் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி, இந்த ஆண்டு அப்பாவையும் அம்மாவையும் 60 நாள் வருகை விசாவில் அங்கே அழைத்திருக்கிறான். ஜூன் இரண்டாம் வாரத்தில் திருவனந்தபுரத்திலிருந்து காலை விமானம். அப்பாவுக்கு 69 வயது, அம்மாவுக்கு 63. இருவரும் இதுவரை கடல் கடந்து போனதில்லை.

அப்பாவுக்குப் பதினேழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் பேனா போட்டுக்கொள்கிறார். பாத எரிச்சலுக்காக இரவில் ஒரு நரம்புச் சத்து மாத்திரையும் உண்டு. அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை, மூட்டு வலி கூடும் நாட்களில் ஒரு வலி மாத்திரை, தூக்கம் வராத இரவுகளில் பாதித் தூக்க மாத்திரை. இவை தவிர, ஊர் வைத்தியர் செய்து தரும் ஒரு லேகியத்தையும் ஒரு தைலத்தையும் இல்லாமல் இவர்கள் எங்கும் போக மாட்டார்கள்; இரண்டும் பெயர்ச் சீட்டு இல்லாத பழைய ஆர்லிக்ஸ் புட்டிகளில் இருக்கின்றன. அம்மா இப்போதே குருமாப் பொடிக்கும் மீன் குழம்புப் பொடிக்கும் சாமான் வறுக்கத் தொடங்கிவிட்டார். ஷார்ஜாவில் இருக்கும் தன் மகனுக்குக் கொடுக்கும்படி பக்கத்து வீட்டு அத்தை ஒரு பொதியையும் கட்டித் தந்திருக்கிறார்கள்.

மருந்துச் சீட்டு இருந்தால் எல்லாவற்றையும் கொண்டு போகலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மாத்திரைக்காகவே விமான நிலையத்தில் பிடித்து வைப்பார்கள் என்று வேறு சிலர் பயமுறுத்துகிறார்கள். இன்சுலினை எந்தப் பையில் வைப்பது, வெயிலில் எப்படிக் காப்பது, பயணக் காப்பீடு எடுக்கும்போது எதைக் கவனிப்பது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மார்த்தாண்டம் மருந்துக்கடைக்காரர் எழுதியது:

சகோதரி, நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்தியது தூக்க மாத்திரை அல்ல. அதைப் பற்றி எல்லோருமே எச்சரிப்பார்கள். உங்கள் அப்பாவின் ‘நரம்புச் சத்து மாத்திரை’தான் உறுத்தியது. அந்த அட்டையை எடுத்துப் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சடித்திருக்கும் சேர்மானத்தைப் படித்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளிகளின் பாத எரிச்சலுக்கு நம் ஊரில் எழுதித் தரும் பல மாத்திரைகளில் மெத்தில்கோபாலமின் என்ற வைட்டமினோடு பிரிகாபலின் என்ற மருந்தும் சேர்ந்திருக்கும். வைட்டமினைப் பற்றிக் கவலை இல்லை. பிரிகாபலினோ ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. வாங்குகிறவர்கள் அதைச் சத்து மாத்திரை என்று சொல்லி வாங்கி, சத்து மாத்திரை என்றே நம்பிச் சாப்பிடுவதால், பெட்டியில் வைக்கும்போது அவர்களுக்கு ஒரு சந்தேகமும் வராது.

அம்மாவின் வலி மாத்திரையையும் அதே போலத் திருப்பிப் பாருங்கள். வெறும் பாராசிட்டமால் என்றால் நல்லது; பாராசிட்டமாலோடு டிரமடால் சேர்ந்தது என்றால் அதுவும் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துதான். தூக்க மாத்திரை அல்பிரசோலமாகவோ டையசிபாமாகவோ இருந்தால் அதற்கும் இதே நிலை. இருமல் மருந்து கொண்டு போவதாக நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: கோடீன் கலந்த சிரப் எதுவும் வேண்டாம்.

‘சீட்டு இருந்தால் போதும்’ என்பது சாதாரண மருந்துகளுக்குத்தான் பொருந்தும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு, பயணத்துக்கு முன்பே அமீரக அரசின் இணையதளத்தில் மருந்துச் சீட்டையும் மருத்துவர் கடிதத்தையும் பாஸ்போர்ட் நகலையும் ஏற்றி அனுமதி பெற வேண்டும். அதை உங்கள் தம்பியே அங்கிருந்து செய்துவிடலாம். அதைவிட எளிய வழி, மருத்துவரிடம் விவரத்தைச் சொல்லி வேறு மருந்துக்கு மாற முடியுமா என்று கேட்பது. ஆனால் பயத்தில் நீங்களாகவே இன்றிரவு முதல் பிரிகாபலினை நிறுத்திவிடாதீர்கள். அதைச் சட்டென்று விட்டால் தூக்கமின்மை, வியர்வை, படபடப்பு எல்லாம் வரும். குறைந்தது ஒரு வாரமாவது அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். தினமும் எடுக்கிறவர்களுக்குத் தூக்க மாத்திரையும் அப்படியே. ஆகவே கடைசி வாரம் வரை தள்ளிப்போடாமல் இப்போதே மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் மருந்துச் சீட்டில் பெயர் எழுதும் அழகு உங்களுக்குத் தெரியும்: முன்னெழுத்தும் வீட்டுப் பெயரும் போட்டு முடித்துவிடுவார்கள், பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுதாக விரிந்து நிற்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அங்கே யார் சாட்சி சொல்வது? பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், நோய், மருந்தின் மூலப்பெயர், ஒரு நாள் அளவு ஆகியவற்றை மருத்துவமனைத் தாளில் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ‘காலை, மதியம், இரவு’ என்று சிறிய டப்பாக்களில் அடைக்க வேண்டாம். வீட்டில் அது வசதி, விமான நிலையத்தில் அது பெயரில்லாத மாத்திரைக் குவியல். தங்கும் நாளுக்கு வேண்டியதோடு பத்து நாள் மருந்தைக் கூடுதலாக வைத்தால் போதும்.

ஆர்லிக்ஸ் புட்டி லேகியம் வீட்டிலேயே இருக்கட்டும். அதில் என்ன இருக்கிறது என்று உங்களாலும் சொல்ல முடியாது, சோதிக்கிற அதிகாரியாலும் சொல்ல முடியாது.

குளச்சல் செவிலி எழுதியது:

வளைகுடா நாடுகளில் பதினொரு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஊர் திரும்பியவள் நான். மருந்துகளின் பெயர் விவகாரத்தை அண்ணாச்சி நன்றாகவே விளக்கிவிட்டார்கள். நான் இன்சுலினைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இன்சுலின் முழுவதும் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையில் போகும் பெட்டியில் வைத்தால் அது உறைந்துபோக வாய்ப்பு உண்டு. ஒரு முறை உறைந்த இன்சுலின் பிறகு உருகி, பார்ப்பதற்குப் பழையபடியே இருந்தாலும் வேலை செய்யாது, அதை வீசிவிடத்தான் வேண்டும். இதே காரணத்துக்காக ஐஸ் கட்டியோடு ஒட்டியபடியும் வைக்காதீர்கள். பெட்டியும் பாஸ்போர்ட்டும் ஒரே நேரத்தில் தொலைவது அபூர்வம், பெட்டி மட்டும் ஒரு நாள் தாமதமாக வருவது சாதாரணம். ஆகவே மாத்திரைகளும் கைப்பையிலேயே இருக்கட்டும். திரவங்களுக்கு உள்ள 100 மில்லி வரம்பு மருந்துக்குப் பொருந்தாது. ஊசி முனைகளையும் சீட்டோடு கொண்டு போகலாம்; சோதனை மேசையில் கேட்கும் வரை காத்திராமல் முதலிலேயே எடுத்துக் காட்டிவிடச் சொல்லுங்கள்.

திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ள பேனாவைப் பெரும்பாலும் நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் வைத்திருக்கலாம். அந்த அறை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான், அது பெரிய பிரச்சினை அல்ல. வாய் அகன்ற பிளாஸ்கில் குளிர்ந்த நீர் ஊற்றி வைத்து, கொட்டி, நன்றாகத் துடைத்துவிட்டு உள்ளே வைத்தாலே தாங்கும். ஆபத்து அங்கே போன பிறகுதான். கடைக்குள் போய் வரும் இருபது நிமிடம் காரில் விட்டுச் சென்ற பேனாவோடு என்னிடம் வந்தவர்கள் பலர். ‘மருந்து போடுகிறேன், சர்க்கரை இறங்கவில்லை’ என்பார்கள். ஊசி முனையைப் பேனாவிலேயே மாட்டி வைக்கும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அதையும் மாற்றுங்கள். வெப்பம் மாறும்போது உள்ளே காற்றுக் குமிழி சேர்ந்து அளவு தவறும்.

விமானத்தைவிட எனக்குப் பயம் தருவது தோவாளையிலிருந்து திருவனந்தபுரம் வரையுள்ள சாலைதான். வீட்டில் ஊசியைப் போட்டுக்கொண்டு, ‘வழியில் சாப்பிடலாம்’ என்று கிளம்பி, களியக்காவிளையிலோ பாலராமபுரத்திலோ நெரிசலில் மாட்டிக்கொண்டால் அங்கேயே சர்க்கரை இறங்கிவிடும். அன்றைக்கு மட்டும் சாப்பாடு கைக்கு வருவது உறுதியான பிறகுதான் ஊசி என்று வைத்துக்கொள்ளட்டும். கையில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ கருப்பட்டித் துண்டோ பொட்டலமாக இருக்க வேண்டும். கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கினால் உடனே தின்றுவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். அமீரகம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் பின்தங்கியது என்பதால், பொதுவாக ஊசி நேரத்தை மாற்றிக் கணக்குப் போடத் தேவையில்லை; அங்கத்திய சாப்பாட்டு நேரத்துக்கே போடலாம்.

ஜூன் மாதத்தில் நம் மாவட்டத்தில் சாரல் விழும், அங்கே 40 டிகிரிக்கு மேல் கொளுத்தும். வெட்டவெளியில் வேலை செய்யும் தொழிலாளர்களுக்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வேலை கூடாது என்று அந்த நாட்டில் விதி இருக்கிறது. அப்பாவின் நடைப்பயிற்சி வணிக வளாகத்துக்குள் இருக்கட்டும். பாத உணர்ச்சி குறைந்தவர் என்பதால், கொதிக்கும் தரையிலும் மணலிலும் ஒரு நிமிடம்கூட வெறுங்காலோடு நிற்க விடாதீர்கள். கொப்புளம் வந்தது அவருக்கே தெரியாது.

தம்பி பாலைவனச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவார், எல்லோரும் போவார்கள். அங்கே அப்பாவை ஒட்டகத்தின் மேல் ஏற்ற வேண்டாம். 2012இல் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட மெர்ஸ் என்ற சுவாச நோய்க்கிருமி ஒட்டகங்களிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது கடுமையாக வரும் என்பதால் ஒட்டகத்தைத் தொடுவதையும் காய்ச்சாத ஒட்டகப் பாலையும் அவர்கள் தவிர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. புகைப்படம் தூரத்திலிருந்து எடுத்தாலும் நன்றாகத்தான் வரும்.

அவசரம் என்றால் ஆம்புலன்சுக்கு 998, காவல்துறைக்கு 999. இரண்டு எண்களையும் அம்மாவின் கைபேசியில் பதிந்து கொடுங்கள்.

தக்கலைக்காரன் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. அமீரகத்திலிருந்து அப்படியே உம்ராவுக்கும் போய் வரும் எண்ணம் உள்ளவர்கள் இந்தக் கேள்வியைப் படித்தால் அவர்களுக்காக: நான்கு வகைக் கிருமிகளுக்கான மூளையுறைக் காய்ச்சல் தடுப்பூசியைச் சவூதிக்குள் நுழைவதற்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன் போட்டு, சான்றிதழையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழி மருமகன் எழுதியது:

காப்பீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதில் கை சுட்டவன் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

என் மாமனாரை மஸ்கட்டுக்கு அனுப்பியபோது, பயணக் காப்பீட்டுப் படிவத்தில் ‘ஏற்கெனவே உள்ள நோய்கள்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டால் கட்டணம் குறையும் என்று முகவர் சொன்னார்; நானும் அப்படியே போட்டேன். மூன்றாம் வாரம் அவருக்குச் சர்க்கரை ஏறி மயக்கம் வந்து இரண்டு இரவுகள் மருத்துவமனையில் இருந்தார். பணத்தைக் கேட்டபோது, எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் என்று மருத்துவமனை எழுதிய ஒற்றை வரியைச் சுட்டிக்காட்டி நிறுவனம் மறுத்துவிட்டது. பொய் சொன்னது நான் என்பதால் வாதாடவும் வழியில்லை. கட்டணத்தில் மிச்சம் பிடித்தது ஆயிரத்துச் சொச்சம். கையிலிருந்து போனது அதைப் போல எத்தனையோ மடங்கு.

ஆகவே நோய்களை ஒளிக்காமல் எழுதுங்கள். எழுதினாலும், பல திட்டங்கள் பழைய நோய்க்கு உயிர் ஆபத்தான நிலையில் மட்டுமே, அதுவும் ஒரு வரம்பு வரைதான் பணம் தரும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அறை வாடகை, அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்குத் தனித்தனி உச்சவரம்பு வைப்பதும் உண்டு. விளம்பரத்தில் உள்ள மொத்தத் தொகையை விட்டுவிட்டு, பத்திரத்தின் உள்பக்கங்களில் இந்த வரம்புகளைத் தேடிப் படியுங்கள்.

தோவாளை மகள் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு மருந்துப் பெட்டியைக் கட்டிலில் கொட்டி, கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வோர் அட்டையாகத் திருப்பிப் படித்தேன். அண்ணாச்சி சொன்னது சரியே: அப்பாவின் மாத்திரையில் பிரிகாபலின் 75 மில்லிகிராம் இருந்தது. அம்மாவின் வலி மாத்திரையில் டிரமடால் இருந்தது. ஆறு ஆண்டுகளாக இந்த வீட்டில் இருக்கும் மாத்திரைகள். ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. இன்று காலை நாகர்கோவிலில் மருத்துவரைப் பார்த்தோம். அப்பாவின் மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்க அட்டவணை எழுதித் தந்து, எரிச்சலுக்கு வேறு மருந்து தொடங்கியிருக்கிறார். அம்மாவுக்குப் பாராசிட்டமால் மட்டும். தூக்க மாத்திரை வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. பொடிகளை வீட்டில் அரைத்ததாகவே கொண்டு போகலாமா?

மார்த்தாண்டம் மருந்துக்கடைக்காரர் எழுதியது:

குருமாப் பொடியில் கசகசா போட்டிருக்கிறார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். அபினிச் செடியின் விதை என்பதால் கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடை செய்யப்பட்ட பொருள். தெரியாமல் கொண்டு போய்க் காவலில் இருந்தவர்கள் உண்டு. அரைத்த பிறகு ஒரு பொடியில் அது இருக்கிறதா இல்லையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மீன் குழம்புப் பொடிக்குக் கசகசா தேவையில்லை என்றாலும், இரண்டையும் ஒரே மிக்ஸியில் அரைத்திருந்தால் அதையும் விட்டுவிடச் சொல்வேன். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் தாராளமாகப் போகட்டும். பக்கத்து வீட்டுப் பொதியைக் கொடுத்தவர் முன்னிலையிலேயே பிரித்துப் பாருங்கள். அவர் வருத்தப்பட்டால் படட்டும்.

தோவாளை மகள் எழுதியது:

பிரித்துவிட்டோம். அத்தை வருத்தப்படவில்லை, அருகில் உட்கார்ந்து அவர்களே கட்டை அவிழ்த்தார்கள். அச்சப்பம், எலுமிச்சை ஊறுகாய், மகனுக்கு இரண்டு சட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், செய்தித்தாளில் மடித்துக் கால் கிலோ குருமாப் பொடி. ‘கசகசா போட்டால்தானே கொழுப்பாக வரும்’ என்று சொல்லிக்கொண்டே அதை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அம்மா எங்கள் பொடியையும் அவர்களிடமே கொடுத்தனுப்பிவிட்டார்.