லீஸ் 77 வருடம்தான் பாக்கி, ஃபிளாட்டை வாங்கலாமா?

வணக்கம் நண்பர்களே. லண்டன் ஹாரோவில் ஒரு ஃபிளாட்டுக்கு விலை பேசி முடித்திருக்கிறோம். லீஸ்ஹோல்டுதான், அதாவது லீஸில் உள்ள வருடங்களுக்கு மட்டுமே ஃபிளாட் நமக்குச் சொந்தம். சொலிசிட்டர் அனுப்பிய அறிக்கையைப் பார்த்தால் லீஸ் இன்னும் 77 வருடம்தான் பாக்கி. 80-க்குக் கீழே போய்விட்டால், நீட்டிக்கும்போது ‘மேரேஜ் வேல்யூ’ (நீட்டிப்பதால் உயரும் மதிப்பில் ஒரு பங்கு) என்று ஃப்ரீஹோல்டருக்கு, அதாவது கட்டடத்தின் நில உரிமையாளருக்கு, கூடுதலாக அழ வேண்டும். 2024-இல் வந்த சட்டம் அதை நீக்குகிறது, ஆனால் அந்தப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இரண்டு வருடம் உரிமையாளராக இருந்த பிறகே நீட்டிக்கலாம் என்ற விதி மட்டும் 2025 ஜனவரி 31 முதல் போய்விட்டது.

இப்போது விற்பவரையே லீஸை நீட்டிக்கக் கோரி ஃப்ரீஹோல்டருக்கு நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி, அதன் உரிமையை எங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதா, வாங்கிய பிறகு நாங்களே கொடுப்பதா? புதிய விதிக்காகக் காத்திருந்தால் லீஸும் குறைந்துகொண்டே போகும். ஏஜென்ட் "அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை" என்கிறார். அவர் வேறு என்ன சொல்வார்!

இன்னும் எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தப் பரிமாற்றம்) ஆகவில்லை, அதனால் பின்வாங்க வழி இருக்கிறது. அண்மையில் இப்படி நீட்டித்தவர்கள் இருந்தால், ஃப்ரீஹோல்டர் தரப்பு வக்கீல் கட்டணமும் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆனது என்று சொல்லுங்கள். அந்தத் தொகையை விலையில் குறைத்து வாங்கியவர்கள் உண்டா? அப்புறம், லீஸ்ஹோல்டு நன்றாகத் தெரிந்த தமிழ் சொலிசிட்டர் இருந்தாலும் சொல்லுங்கள்.