மறு: டெலிமெட்ரிக்குத் தமிழில் என்ன?

ராமநாதபுரத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம்.

ஊடக இயக்கியின் (மீடியா பிளேயர்) தமிழாக்கத்தில் திற, மூடு, ஒலியளவு, வசனவரி எல்லாம் முடிந்துவிட்டன. அமைப்புகள் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் வந்து முட்டி நிற்கிறேன். டெலிமெட்ரியை, அதாவது நாம் பயன்படுத்தும் விதத்தை மென்பொருள் தன் தயாரிப்பாளருக்கு அனுப்பிக்கொண்டிருப்பதை, நிறுத்த ஒரு பொத்தான். நம் பழைய கலைச்சொல் பட்டியலில் 'தொலையளவியல்' என்று இருக்கிறது. மையத்துக்கு வரும் பிள்ளைகளிடம் 'தொலையளவியலை முடக்கு' என்று திரையில் காட்டி, இதை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தேன். "வீடியோ எவ்வளவு நேரம்னு காட்டாது மிஸ்" என்றாள் ஒருத்தி. "தொலைஞ்ச ஃபைலைத் தேடாது" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி மக்களுக்கு இருக்க வேண்டும் என்கிறது. தமிழும் அதில் அடக்கம். நாளைக்கு எல்லாச் செயலியும் தமிழில் "சம்மதமா?" என்று கேட்கும்போது, எதற்குச் சம்மதம் என்பது புரிய வேண்டாமா? நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.


மண்டபத்திலிருந்து:

அம்மா, 'தொலையளவியல்' தப்பான சொல் இல்லை. தொலைவிலிருந்து அளப்பது என்பதுதான் கிரேக்க வேர்களின் பொருளும். ராக்கெட் மேலே போகும்போது அதன் வெப்பம், அழுத்தம், வேகம் எல்லாம் வானொலி அலையில் தரைக்கு வந்துகொண்டே இருக்கும். அந்தத் துறைக்கு இந்தப் பெயர்தான் பொருந்தும். அவ்வளவு தூரம் போவானேன், இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை இப்போது படகுகளில் பொருத்துகிறார்களே, அது படகு நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்கிறது. வானிலைச் செய்தியைக் கரையிலிருந்து படகுக்குச் சொல்கிறது. தத்துவம் ஒன்றுதான். ஒரே வேலைக்குத் துறைக்கொரு சொல் வைத்துக்கொண்டிருந்தால் அகராதி பெருகும், அறிவு பெருகாது. வேண்டுமானால் 'இயல்' என்ற வாலை வெட்டிவிட்டுத் 'தொலையளவு' என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான்.


பாம்பனிலிருந்து:

ஐயா சொல்வது ராக்கெட்டுக்குச் சரி. ராக்கெட்டுக்கு மானம் ரோசம் கிடையாது, அதன் சூட்டை அளந்து ஊருக்கெல்லாம் சொன்னாலும் கோபித்துக்கொள்ளாது. டிரான்ஸ்பாண்டரும் படகின் மேலே கண்ணுக்குத் தெரியும்படி உட்கார்ந்திருக்கிறது. படகின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கும் தெரியும், ஓட்டும் டிரைவருக்கும் தெரியும். ஊடக இயக்கி அனுப்புவது இயந்திரத்தைப் பற்றிய அளவு மட்டும் இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றிய சேதி. அதுவும் அவருக்குத் தெரியாமல்.

இளையவர்களுக்காகப் பழைய கதை ஒன்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ரியல்நெட்வொர்க்ஸ் என்று ஒரு நிறுவனம். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த ராப் கிளேசர் 1994 இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே ரியல்ஆடியோ வந்தது. மோடம் கீச்சிட்டு இணைகிற அந்தக் காலத்தில், ஒலிக்கோப்பு முழுசாக இறங்கும்வரை காத்திருக்காமல் இறங்க இறங்கவே கேட்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அது. பிபிசி உள்படப் பல வானொலிகள் இணையத்தில் ரியல் வடிவத்தில்தான் ஒலித்தன. அதை மறைக்க வேண்டியதில்லை, நல்ல வேலை.

அதே நிறுவனம் ரியல்ஜூக்பாக்ஸ் என்று இன்னொன்று கொடுத்தது. சிடியில் இருக்கும் பாட்டைக் கணினியில் ஏற்றி அடுக்கிவைக்கும் மென்பொருள். ரிச்சர்ட் ஸ்மித் என்ற பாதுகாப்பு வல்லுநர் தன் கணினியிலிருந்து வெளியே என்ன போகிறது என்று பிடித்துப் பார்த்தார். என்ன சிடி போட்டார், வன்வட்டில் எத்தனை பாட்டு இருக்கிறது, அவை எந்த வடிவில் இருக்கின்றன, எந்த வகை இசை பிடிக்கும், கையில் வைத்துக் கேட்கும் கருவி செருகியிருக்கிறதா என்றெல்லாம் நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கூடவே, ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தனி அடையாள எண். பதிவு செய்யும்போது கொடுத்த மின்னஞ்சலோடு அந்த எண்ணைப் பொருத்தினால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையில் இதைப் பற்றி மூச்சே இல்லை. 1999 நவம்பர் 1 அன்று நியூயார்க் டைம்ஸில் செய்தி வந்ததும் மன்னிப்புக் கேட்டார்கள், அடையாள எண்ணை நிறுத்தும் திருத்தத்தை வெளியிட்டார்கள். வழக்குகளும் வந்தன.

எனக்கு இதில் ஆறாத இடம் ஒன்று உண்டு. அந்த நிறுவனத்தின் வலைத்தளத்தில் தனியுரிமைக்குச் சான்று கொடுக்கும் டிரஸ்ட்-இ அமைப்பின் முத்திரை இருந்தது. விவகாரம் வெடித்ததும் அந்த அமைப்பு, தன் முத்திரை வலைத்தளத்துக்குத்தான், மென்பொருள் அனுப்பியது தன் வரம்பில் வராது என்று கையை விரித்துவிட்டது. வாசலுக்கு மட்டும் காவல்!

மன்னிப்போடு முடிந்திருந்தால் மக்கள் மறந்திருப்பார்கள். ஆனால் அவர்களுடைய ஊடக இயக்கியான ரியல்பிளேயரின் இலவசப் பதிப்பைத் தளத்தில் துழாவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நிறுவினால், பாட்டே போடாதபோதும் மூலையில் விளம்பரம் எட்டிப் பார்த்தது. 2006 இல் பிசி வேர்ல்டு இதழ் எக்காலத்துக்கும் மோசமான 25 தொழில்நுட்பப் பொருள்கள் என்று பட்டியல் போட்டபோது ரியல்பிளேயருக்கு இரண்டாம் இடம். 2008 ஜனவரியில், ஹார்வர்டின் பெர்க்மன் மையத்தோடு சேர்ந்த ஸ்டாப்பேட்வேர் திட்டம் 10.5, 11 ஆகிய இரண்டு பதிப்புகளையும் கெட்ட மென்பொருள் என்று குறித்தது. முதலாவது, விளம்பர மென்பொருளை நிறுவுவதை ஒழுங்காகச் சொல்லவில்லை. இரண்டாவது, ராப்சடி என்ற இன்னொரு இசை மென்பொருளைச் சொல்லாமல் கூட்டி வந்து, தன்னை நீக்கும்போது அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனது.

ஒரு நிறுவனத்தின் மேல் மட்டும் பழி போடவில்லை. 2002 இல் அதே ஸ்மித், விண்டோஸ் மீடியா பிளேயர் நாம் பார்க்கும் டிவிடியின் விவரத்தை மைக்ரோசாஃப்டுக்குச் சொல்வதையும் எடுத்துக் காட்டினார். அவர்களும் அதன் பிறகுதான் தனியுரிமை வாசகத்தைத் திருத்தினார்கள்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். எங்கள் பக்கம் ஜிபிஎஸ் பெட்டி பழுதானால் டிரைவர் அதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகமாட்டார். மூடியைக் கழற்றி மாட்டும்வரை தோளுக்குப் பின்னாலேயே நிற்பார். உள்ளே பாயிண்டுகள் இருக்கின்றன. கடலடியில் எந்தப் பாரில் எந்தக் காற்றுக்கு மீன் படும், எங்கே கல்லில் வலை மாட்டிக் கிழியும் என்று வருஷக்கணக்கில் குறித்துவைத்த இடங்கள். மெக்கானிக் கள்ளன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் அவர் ஒரு பிரதி எடுத்துக்கொண்டால், அதை 'அளந்தார்' என்று நாங்கள் சொல்லமாட்டோம். நிறுவனம் தனக்கு வசதியாக ஒரு சாதுவான சொல் வைத்துக்கொண்டது. அதை அப்படியே தமிழில் பெயர்த்தால், மறைக்கிற வேலையை அவர்களுக்காக நாமே இலவசமாகச் செய்து கொடுத்த மாதிரி ஆகும்.

'உளவு' ஸ்பைவேருக்குப் போய்விட்டது. 'ஒற்று' ராஜா காலத்துச் சொல். 'கோள்' நன்றாக இருக்கிறது, ஆனால் செயற்கைக்கோள் வழியாகக் கோள் சொல்கிறது என்று எழுதவேண்டி வரும். வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?


கீழக்கரையிலிருந்து:

பாம்பன் தம்பிக்கு, சொல் உங்கள் வாயிலேயே இருக்கிறது. புறம்.

எங்கள் தெருவில் யாரையும் கேளுங்கள், "புறம் பேசாதே" என்பது சின்னப் பிள்ளையிலிருந்து காதில் விழும் பேச்சு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் (சொற்பொழிவில்) பாதி நாள் அதுதான். பள்ளிக்கூடத்திலும் புறங்கூறாமை என்று ஓர் அதிகாரம் மனப்பாடம் செய்யாதவர்கள் இங்கே யாரும் இருக்கமாட்டார்கள். ஆக எல்லா வீட்டுக்கும் தெரிந்த சொல்.

அதைவிட முக்கியமாக ஒன்று. புறம் என்றால் என்ன என்பதற்கு ஒரு நபிமொழி உண்டு. உன் சகோதரனைப் பற்றி அவன் விரும்பாததைப் பேசுவது. நான் சொல்வது அவனிடம் உண்மையாகவே இருந்தாலுமா என்று கேட்டார்கள். இருந்தால்தான் அது புறம், இல்லாவிட்டால் அது அவதூறு என்று பதில் வந்தது. இந்த நிறுவனங்கள் சொல்லும் சமாதானத்தைப் பாருங்கள். நாங்கள் பொய்யாக எதையும் எழுதவில்லை, நீங்கள் உண்மையில் கேட்ட பாட்டைத்தானே குறித்தோம் என்கிறார்கள். அதுதானப்பா புறம்!

முன்பு நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டு வந்த ஒரு சபுராளி தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ ஓர் ஊடக இயக்கியை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அது எல்லாக் கோப்பையும் தன் பெயரில் எழுதிக்கொண்டது. துபாயிலிருந்து வீட்டுக்குப் பேசி அனுப்பிய குரல் பதிவைச் சொடுக்கினாலும் அதுதான் திறக்கிறது, திறந்ததும் நெட் இணைப்பு கேட்கிறது. "காக்கா, நான் வீட்ல பேசுனதை இது யார்கிட்டயாவது சொல்லுமா?" என்று கேட்டார். கேட்குமா, அனுப்புமா, அளக்குமா என்று இல்லை. சொல்லுமா!

அதனால் அப்படிச் செய்யும் நிரலுக்குப் 'புறங்கூறி', செயலுக்குப் 'புறங்கூறல்'. பிரித்துப் பார்த்தாலும் புறத்தே, அதாவது வெளியே, கூறுவது என்றுதானே வருகிறது. இலக்கணக்காரர்களும் சண்டைக்கு வரமுடியாது.


தொண்டியிலிருந்து:

காக்கா, சொல் பிரமாதம். ஆனால் நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவள், என் பக்கத்தையும் கேளுங்கள். பழைய போன்களில் செயலி பாதியில் விழுந்துவிடும். விழுந்த இடத்தின் அறிக்கை எனக்கு வரவில்லை என்றால், விழுந்ததே எனக்குத் தெரியாது. பயனர் எழுதிப் போடமாட்டார், நீக்கிவிட்டுப் போய்விடுவார். பொத்தானில் 'புறங்கூறலை அனுமதி' என்று போட்டால் எந்த மனுஷன் அழுத்துவான்? யோக்கியமாகக் கேட்பவனுக்கும் கேட்காமல் எடுப்பவனுக்கும் ஒரே பெயர் வைத்தால், நாளைக்கு எல்லாரும் கேட்காமலே எடுப்பார்கள்.

கேட்பவர்களும் இருக்கிறார்கள். வி.எல்.சி என்ற ஊடக இயக்கியை முதல்முறை திறக்கும்போதே தனியுரிமைச் சாளரம் ஒன்று வரும். உங்களைப் பற்றி எதையும் திரட்டுவதில்லை என்று சொல்லிவிட்டு, பாட்டைப் பற்றிய விவரங்களை இணையத்திலிருந்து எடுக்கட்டுமா என்று கேட்கும். அந்தச் சாளரத்தில் போய்ப் புறங்கூறல் என்று எழுத எனக்குக் கை வராது.


மண்டபத்திலிருந்து:

தொண்டிப் பெண் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கலைச்சொல் என்பது பொருளைக் குறிக்க வேண்டும், தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனாலும் அந்த நபிமொழி விளக்கத்தைப் படித்தபின் 'தொலையளவு' என்று நான் பிடிவாதம் பிடிக்கப் போவதில்லை. ராக்கெட்டையும் படகையும் மட்டும் என்னிடம் விட்டுவிடுங்கள்.


பாம்பனிலிருந்து:

ராக்கெட்டும் படகும் ஐயாவுக்கே.

தங்கச்சியின் கேள்விக்கு: இரண்டு வேலை, இரண்டு சொல். கேட்டு, சரி என்ற பிறகு அனுப்புவதற்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம், பொத்தானில் வினையாகவே எழுதுவோம். "நான் பயன்படுத்தும் விதத்தைத் தயாரிப்பாளருக்குத் தெரிவி." பக்கத்தில் ஒரு பெட்டி, காலியாக. சற்று நீளம்தான், போன் திரையில் இரண்டு வரி பிடிக்கும். பிடிக்கட்டும். கட்டுரைகளிலும் கையேடுகளிலும் 'பயன்பாட்டுத் தெரிவிப்பு'. செயலி விழுந்த அறிக்கையும் இதில்தான் வரும். கேட்காமல், அல்லது கேட்ட மாதிரி பாவனை செய்துவிட்டு அனுப்பினால் 'புறங்கூறல்', அப்படிப்பட்ட நிரல் 'புறங்கூறி'. இது பொத்தானில் வராது, எச்சரிக்கைகளிலும் வழுப் புகார்களிலும் வரும். தீர்ப்புச் சொல்கிற சொல்தான், ஐயா. கெட்ட மென்பொருள் என்று ஹார்வர்டுக்காரர்கள் எழுதியதும் தீர்ப்புத்தானே.

பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டுவைத்திருந்தால் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். என் கணக்கில் அது புறங்கூறல்தான். நம் 2023 சட்டமும் ஒப்புதலை ஆளே ஒரு தெளிவான செயலால் காட்ட வேண்டும் என்கிறது. அவர்கள் போட்ட டிக் நம் செயல் ஆகாது. தங்கச்சிக்கு இதில் மாற்றுக் கருத்து இருக்கும் என்று நினைக்கிறேன், எழுதட்டும்.

அக்கா, பட்டியலில் இப்படியே ஏற்றிவிடுங்கள். 'தொலையளவியலை முடக்கு' என்ற பழைய வரி இன்னும் ஏழெட்டுச் செயலிகளின் மொழிபெயர்ப்பில் கிடக்கிறது, அவற்றையும் தேடி மாற்ற வேண்டும். தொண்டியில் நேரம் இருந்தால் பாதியை எடுத்துக்கொள்ளட்டும், மீதியை நான் பார்க்கிறேன்.

அப்புறம், ராப்சடி மாதிரிக் கூடவே தொற்றிக்கொண்டு வந்து போகாமல் உட்கார்ந்துகொள்ளும் மென்பொருளுக்கும் இன்னும் சொல் இல்லை. 'உடன்வரவு' என்று யாரோ பழைய பட்டியலில் போட்டிருக்கிறார்கள், விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறது. அதற்குத் தனி இழை திறக்கிறேன்.