இங்கிலீஷில் 'விச்' வரும்போது 'அட்', 'இன்' மாதிரி ப்ரிபொசிஷனை எங்கே போடுவது? டீச்சர்மார் உதவுங்க

மார்த்தாண்டம் பக்கம், வெளிநாட்டு வேலைக்குப் போகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எடுக்கிறேன். 'நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி' என்னும்போது தமிழில் அந்த 'இல்' மறைந்துவிடும். அதே பழக்கத்தில் 'தி ஹாஸ்பிட்டல் விச் ஐ வொர்க்' என்று எழுதி 'அட்'டை விட்டுவிடுகிறார்கள். 'விச் ஐ வொர்க் அட்', 'அட் விச் ஐ வொர்க்' இரண்டும் சரி, 'தட்' போட்டால் அதற்கு முன்னால் 'அட்' வராது, இதுவரை புரிந்துவிட்டது.

சிக்கல் 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்வது) மாதிரி வினைகளில்தான். நர்ஸுக்கு அது இல்லாமல் ஒருநாளும் ஓடாது. 'தி பேஷன்ட் ஹூம் ஐ லுக்ட் ஆஃப்டர்' சரி. 'ஆஃப்டர் ஹூம் ஐ லுக்ட்' என்றால் காதில் உறுத்துகிறது. எந்த வினையோடு ப்ரிபொசிஷன் ஒட்டியே நிற்கும், எதில் பிரிந்து முன்னால் போகும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க எளிய வழி இருக்கா? வரும் ஞாயிறு வகுப்புக்கு முன்னால் சொன்னால் பெரிய உபகாரம்.